ஃபோக் பாடகர் பாதி நேரம் கதை சொல்றார், அதுவும் அதே கதை. இது ஏமாத்து வேலையா?

நீங்க எழுதினத சுருக்கமா சொன்னா இதுதான். நியூ ஜெர்சில ஒரு சின்ன ஹால், 80 பேர் இருந்திருப்பாங்க, 70 வயசு தாண்டின ஒரு அமெரிக்க ஃபோக் (நாட்டுப்புற பாணி) பாடகர், கூட பேண்டு கீண்டு எதுவும் இல்ல, ஒத்த கிட்டார். ஒன்றரை மணி நேரத்துல 11 பாட்டு, மிச்ச நேரமெல்லாம் கதை. வீட்டுக்கு வந்து யூடியூப்ல தேடினா அதே கதைய அதே சிரிப்போட அதே இடத்துல நிறுத்தி பல வருஷம் முன்னாடியே வேற ஊர்ல சொல்லியிருக்கார். குரலும் பாதி போயிடுச்சு, இதுக்கு 40 டாலரான்னு கேக்குறீங்க. பாக்குறதுக்கு டிக்கெட் விலை பத்தின கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உங்கள உறுத்துறது வேறன்னு நினைக்கிறேன். அந்த பேச்சு நிகழ்ச்சில சேத்தியா இல்ல நேரத்த ஓட்டுறதுக்கா, அப்புறம் அப்பதான் ஞாபகம் வந்த மாதிரி சொன்ன கதை மனப்பாடம்னு தெரிஞ்சதும் நம்மள ஏமாத்திட்டாரோன்னு ஒரு வருத்தம். இந்த ரெண்டுக்கும் எனக்கு தெரிஞ்சத சொல்றேன். பாடகர் பேர நீங்க போடல, அதனால அன்னிக்கு அவர் நல்லா பண்ணினாரா இல்லையான்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது, இந்த மாதிரி நிகழ்ச்சி உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு சொல்ல முடியும்.

நான் இருக்கிறது மாசசூசெட்ஸ். பொழப்பு சாஃப்ட்வேர், ஆனா ரொம்ப வருஷமா சனிக்கிழமை ராத்திரி ஒரு சர்ச் ஹால்ல நடக்குற காபி ஹவுஸ்ல சவுண்டு பாக்குறேன், காசு கிடையாது, ஆசைக்கு பண்றதுதான். இந்தப் பக்கம் இந்த மாதிரி இடம் நிறைய. மடக்கு சேர், பெரிய கெட்டில்ல காபி, யாரோ வீட்ல செஞ்சு கொண்டு வந்த கேக்கு, மேடைன்னு சொல்றது தரையில இருந்து ஒரு அடி உயரம் இருந்தா பெருசு. பாஸ்டன் பக்கத்துல கேம்பிரிட்ஜ்ல 1958ல ஆரம்பிச்ச கிளப் 47 (இப்போ அதோட பேரு பாசிம்), நியூயார்க் மாநிலத்துல சாரடோகா ஸ்பிரிங்ஸ்ல 1960ல ஆரம்பிச்ச கஃபே லீனா, இதெல்லாம் இந்த பழக்கத்தோட பெரிய வீடுங்க. பிரபல ஃபோக் பாடகி ஜோன் பயஸ் டீனேஜ் பொண்ணா பாட ஆரம்பிச்சது கிளப் 47ல, பேர் தெரியாத காலத்துல பாப் டிலன் கஃபே லீனால பாடியிருக்கார். இந்த இடங்கள்ல பாரு மாதிரி கூச்சல் கிடையாது, வந்தவங்க வாய மூடிட்டு கேப்பாங்க. கதை சொல்ற பாடகருங்க இப்படி வளந்ததுக்கு அந்த அமைதி ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா சத்தமா இருக்கிற பார்ல பாட்டு எப்படியாவது தப்பிச்சுடும், மெதுவா சொல்ற கதை செத்துடும். இது என் அனுமானம்தான்.

உறுதியா சொல்லக்கூடியது என்னன்னா, பாட்டுக்காரர் மேடைல பேசுறது வயசாகி மூச்சு வாங்குறதால கண்டுபிடிச்ச வழி இல்ல. சவுத் கரோலினாக்காரர் கிறிஸ் பூஷிலான் 1926லயே ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ணினார், கிட்டார் அது பாட்டுக்கு நாலஞ்சு கார்டுக்குள்ள (கார்டுன்னா சேத்து வாசிக்கிற சுரக் கூட்டு) சுத்திட்டு இருக்கும், அவர் பாடவே மாட்டார், தாளத்துக்குள்ள பேசிட்டே போவார். இவரு பாடுறத விட பேசுறதுதான் நல்லா இருக்குன்னு ரெக்கார்டு கம்பெனி ஆளு சொல்லி அப்படி பண்ண வெச்சாருன்னு ஒரு கதை உண்டு, அத கதையாவே வெச்சுக்கோங்க. அந்த வடிவத்துக்கு டாக்கிங் ப்ளூஸ்னே பேர் வந்துச்சு. அப்புறம் ஃபோக் பாடகர் வுடி கத்ரி அத எடுத்து, புழுதிப் புயல்ல நிலம் போய் ஓக்லஹோமா பக்கத்துல இருந்து பழைய கார்ல கலிஃபோர்னியாவுக்கு கிளம்பின குடும்பங்களோட கதைய 1940ல ரெக்கார்டுல அப்படித்தான் சொன்னார். டிலன் ஆரம்பத்துல பண்ணினதும் அதுதான். அதாவது பேச்சு இந்த மரபுக்கு வெளியில இருந்து வந்தது இல்ல, அதுக்குள்ளயே ஒரு பாட்டு வகையா இருந்தது.

இதுல உச்சம்னு கேட்டா நான் வுடியோட மகன் ஆர்லோ கத்ரியத்தான் சொல்வேன், ஏன்னா உங்க கேள்வில இருக்கிற எல்லா சிக்கலும் அவரோட 'ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்'ங்கற ஒரே பாட்டுல இருக்கு. 1965 தேங்க்ஸ்கிவிங் (நவம்பர்ல வர்ற அமெரிக்க விருந்துப் பண்டிகை), அவருக்கு 18 வயசு. ஆலிஸ்னு ஒரு சிநேகிதி, அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் கிரேட் பாரிங்டன்ல ஒரு பழைய சர்ச்ச வாங்கி வீடா வெச்சிருந்தாங்க, அங்க விருந்து. உதவி பண்ணலாம்னு இவரும் ஒரு நண்பரும் அங்க சேந்து கிடந்த குப்பைய வேன்ல ஏத்திட்டு போறாங்க, குப்பைமேடு லீவு, ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம் ஒரு சரிவுல கொட்டிட்டு வந்துடறாங்க, போலீஸ் புடிச்சு கோர்ட்டுல நிறுத்துறாங்க, ஆளுக்கு 25 டாலர் அபராதம். இவ்ளோதான் நடந்தது. இத வெச்சு, அங்க இருந்து வியட்நாம் போருக்கு ஆள் எடுக்குற ஆபீஸ் வரைக்கும் இழுத்துட்டு போய், 18 நிமிஷம் 34 நொடி ஓடுற ஒரு பாட்டு. அதுல பாடுற பகுதின்னு பாத்தா ஒரு சின்ன பல்லவி, அது எப்பவாவது வரும், மத்ததெல்லாம் பேச்சு. 1967ல நியூயார்க்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல போட்டதுல இருந்து ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடியே ஜனங்க கேட்டு கேட்டு வாங்கின பாட்டு அது. உங்க கணக்குப்படி எண்ணினா அந்த 18 நிமிஷத்துக்கு 'ஒரு பாட்டு'ன்னுதான் வரும்.

கிட்டார் வாசிப்பீங்கன்னா அத ஒரு தடவ உக்காந்து விரல மட்டும் கவனிச்சு கேளுங்க. கார்டு வரிசை சி, ஏ7, டி7, ஜி7, திரும்ப சி. ராக்டைம்னு சொல்ற பழைய அமெரிக்க துள்ளல் இசையோட சுத்து. கட்டை விரல் அடித்தொனி கம்பிகள்ல இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு மாத்தி மாத்தி நடந்துட்டே இருக்கும், நிக்கவே நிக்காது. பேச்சு அதுக்கு மேல ஓடும், தாளத்த தாண்டி நீளும், சுருங்கும், ஜனங்க சிரிச்சா அவர் சும்மா இருப்பார், கட்டை விரல் ரெண்டு சுத்து கூட போகும், சிரிப்பு அடங்குற இடத்துல அடுத்த வரி கரெக்டா விழும். நானும் வீட்ல முயற்சி பண்ணி பாத்திருக்கேன், விரல் பாட்டுக்கு போகணும், வாய் பாட்டுக்கு பேசணும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுக்கக் கூடாது, பாடுறத விட கஷ்டம் அது. பாடும்போது மெட்டு நம்மள தூக்கிட்டு போயிடும், பேசும்போது புடிச்சுக்க ஒண்ணும் கிடையாது.

இப்ப உங்களோட ரெண்டாவது வருத்தத்துக்கு வர்றேன், அதே கதை அதே வார்த்தை. ஒரு பாட்ட 50 வருஷமா ஒரு எழுத்து மாறாம பாடினா அத யாரும் ஏமாத்துன்னு சொல்றதில்ல, கதைய அப்படி சொன்னா மட்டும் நமக்கு ஏன் சுருக்குன்னு இருக்குன்னு யோசிச்சு பாருங்க. பேச்சுன்னா அந்த நேரத்துல மனசுல இருந்து வரணும்னு நமக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கு, அந்த எதிர்பார்ப்பு தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா இவங்க மேடைல சொல்றது பேச்சு மாதிரி வேஷம் போட்ட ஒரு எழுத்து. பல நூறு ராத்திரி சொல்லி, எந்த வார்த்தைல சிரிப்பு வருது, எங்க ஒரு நொடி கூட நிறுத்தணும், எந்த விவரம் வேண்டாம்னு செதுக்கி செதுக்கி வந்தது. யூட்டா ஃபிலிப்ஸ்னு ஒருத்தர், 2008ல காலமானார், ரயில், கூலித் தொழிலாளிங்க, யூனியன்னு அவர் மேடைல சொன்ன கதைங்கள மட்டும் தனியா எடுத்து அடுத்த தலைமுறை பாடகி அனி டிஃப்ராங்கோ அதுக்கு அடியில இசை போட்டு 1996ல ஒரு ஆல்பமாவே கொண்டு வந்தாங்க. பாட்டுக்கு நடுவுல இருந்த பேச்சு தனியா நின்னுச்சு. அது ஓட்டைய அடைக்கிற வேலையா இருந்திருந்தா நிக்காது.

எங்க ஹால்ல இத நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு பெரியவர், பேர் வேண்டாம், சவுண்டு செக்குக்கு வந்தார். கிட்டாரோட மேல் விளிம்புல, வாசிக்கும்போது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியிற பக்கம், ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி அதுல அன்னிக்கு என்னென்னன்னு பேனாவுல எழுதியிருந்தார். கேபிள் சொருகப் போனப்ப கிட்டக்க பாத்தேன். பாட்டு பேருக்கு நடுவுல 'நாய்', 'மாமா', 'பஸ் ஸ்டாப்'னு இருந்துச்சு. அதெல்லாம் பாட்டு இல்ல, கதைங்க. பாட்டுக்கு குடுத்த அதே இடம், அதே எழுத்து அளவு. முன் ரெண்டு வரிசை முகம் தெரியிற மாதிரி ஹால் லைட்ட கொஞ்சம் விட்டு வைங்கன்னு கேட்டார், அது அழகுக்காக இல்ல, ஜனங்க மூஞ்சிய பாத்துத்தான் கதைய நீட்டறதா குறைக்கறதான்னு முடிவு பண்ணுவாராம். அன்னிக்கு 'மாமா' கதைய அவர் சொல்லவே இல்ல, ஏன்னு நான் கேக்கல.

சவுண்டு பக்கத்துல இருந்து இன்னொண்ணு சொல்றேன், இது வெளிய இருக்கிறவங்களுக்கு தெரியாது. பாடும்போது குரலுக்கு கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி மாதிரி) போடுவோம், குரல் கொஞ்சம் பரந்து கேக்கும். பேச ஆரம்பிச்சா உடனே அத கட் பண்ணணும், இல்லன்னா ரயில்வே ஸ்டேஷன் அனௌன்ஸ்மென்ட் மாதிரி ஆயிடும். சாதாரண பாடகருக்கு இது சுலபம், பாட்டு முடியும், கைதட்டு வரும், பட்டன அமுக்கிடலாம். கதை சொல்ற பாடகர் வந்தா எனக்கு பெரிய தலைவலி, ஏன்னா பேச்சு எப்ப முடியுது பாட்டு எப்ப ஆரம்பிக்குதுன்னு கோடு கிடையாது. பேசிட்டே இருப்பார், விரல் மெதுவா கம்பிய வருட ஆரம்பிக்கும், பேச்சு தாளத்துக்குள்ள வரும், திடீர்னு பாத்தா முதல் வரிய பாடிட்டு இருப்பார். அதோட பேசும்போது மைக்க ஒட்டி வருவாங்க, கிட்ட வந்தா அடித்தொனி தானா வீங்கும், பாடும்போது பின்னால போவாங்க. நான் கடைசில என்ன முடிவுக்கு வந்தேன்னா, இவங்களுக்கு ரிவெர்ப்பே வேண்டாம், முழுக்க ஒரே சவுண்டு, அடித்தொனிய கொஞ்சம் குறைச்சு விட்டுட்டு கைய எடுத்துடறது. ரெண்டையும் ரெண்டா பிரிக்க முடியாதுன்னு அந்த போர்டுல உக்காந்துதான் எனக்கு புரிஞ்சுது.

சரி, கதைல எவ்ளோ உண்மை? இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஆர்லோ பாட்டுல அபராதம் 50 டாலர்னு வரும், ரெண்டு பேருக்கும் சேத்துன்னா கணக்கு சரி. ஜட்ஜுக்கு கண் தெரியாதுன்னு வரும், அதுவும் நிஜம். அந்த போலீஸ் அதிகாரியும் ஜட்ஜும் இந்த பாட்ட வெச்சு 1969ல வந்த சினிமால அவங்க வேஷத்துல அவங்களே நடிச்சிருக்காங்க. ஆனா ஸ்டேஷன்ல நடந்ததா வர்ற சில விவரங்கள அதே அதிகாரி பின்னாடி இல்லன்னு சொல்லியிருக்கார். அப்புறம் அமெரிக்க ஜனாதிபதியா இருந்த நிக்சன் விஷயம். வாட்டர்கேட் ஊழல்ல சிக்கின அவரோட பேச்சு டேப்புல 18 அரை நிமிஷம் அழிஞ்சு போச்சு, அது வரலாறு. ஆர்லோவோட பாட்டும் கிட்டத்தட்ட அதே நீளம், அதுவும் அளந்து பாக்கலாம். நிக்சன் இருந்த வெள்ளை மாளிகைல இந்த ரெக்கார்டோட ஒரு காப்பி இருந்துச்சுன்னு பின்னாடி ஜனாதிபதியான கார்ட்டரோட மகன் தன்கிட்ட சொன்னதா ஆர்லோ பிற்காலத்துல மேடைல சேத்துக்கிட்டார், இந்த உலகத்துல 18 அரை நிமிஷம் நீளமா எத்தன விஷயம்தான் இருக்குன்னு முடிப்பார். முதல் ரெண்டும் உறுதி, மூணாவது அவர் வாய்மொழி மட்டும். மேடைக் கதை எல்லாத்தையும் இப்படி மூணா பிரிச்சு வெச்சுக்கிட்டா நமக்கும் கோவம் வராது. அதே கதைன்னு சொன்னீங்களே, இந்த நிக்சன் பகுதி 1967 ரெக்கார்டுல கிடையாது, இருக்கவும் முடியாது, அதே சர்ச்ச அவரு 1991ல வாங்கி, அங்கயே வெச்சு மறுபடி ரெக்கார்டு பண்ணினப்ப இருக்கு. கதை மாறாம இருக்கிற மாதிரி தெரியும், பத்து வருஷ இடைவெளில வெச்சு கேட்டா நகந்திருக்கும்.

வார்த்தை மாறாமலே கனம் மாறுறதும் உண்டு, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். ஆர்லோ சொல்ற இன்னொரு கதை, சிகாகோல ஒரு கிளப்ல நிகழ்ச்சி முடிஞ்சு களைச்சு போய் கிளம்பும்போது ஒரு குள்ளமான இளைஞன் வந்து ஒரு பாட்டு பாடி காட்டட்டுமான்னு கேக்கறான், இவர் ஒரு பீர் வாங்கி குடு, அந்த பீர் தீர்ற வரைக்கும் கேக்குறேன்னு சொல்றார். அந்த இளைஞன் ஸ்டீவ் குட்மன். பாடினது சிகாகோல இருந்து நியூ ஆர்லியன்ஸ் போற ரயில் பத்தி. அத ஆர்லோ 1972ல பாடி ஹிட்டாச்சு, அவர் வாழ்க்கைலயே அதிகம் ஓடின சிங்கிள் அதுதான். 1972ல இந்த பீர் கதைய சொன்னா அது ஒரு ஜோக். குட்மன் ரத்தப் புற்றுநோய்ல 1984ல போயிட்டார், 36 வயசு. அதுக்கப்புறம் அதே கதைய அதே வார்த்தைல சொன்னாலும் கேக்குறவங்க வேற மாதிரி கேக்குறாங்க, சிரிக்கிறாங்க, சிரிச்சுட்டு சட்டுன்னு அமைதி ஆகுறாங்க. நீங்க பாத்த பாடகர் கதைல வர்ற ஆளுங்கள்ல எத்தன பேர் இப்ப இருக்காங்கன்னு உங்களுக்கு தெரியாது, உங்க பக்கத்து சேர்ல இருந்த வெள்ளை முடிக்காரங்களுக்கு தெரிஞ்சிருக்கலாம். யூடியூப் வீடியோல இருக்கிறதும் நீங்க நேர்ல கேட்டதும் ஒரே கதை இல்லன்னு நான் சொல்றது இதனாலதான்.

குரல் பத்தி கேட்டீங்க. குரல் போயிடுச்சுங்கறது பல சமயம் உண்மை, அத மறைக்க வேண்டியதில்ல. மேல் ஸ்தாயி முதல்ல போகும், கேப்போவ (சுருதிய ஏத்த கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்பு) கீழ இறக்குவாங்க, சுருதிய ஒண்ணு ரெண்டு குறைப்பாங்க, நீளமா இழுக்குற இடத்த வெட்டுவாங்க. ஜான் ப்ரைன் எடுத்துக்கோங்க, சிகாகோ பக்கத்துல போஸ்ட்மேனா இருந்து 1970 வாக்குல பாட வந்தவர், 1998ல கழுத்துல புற்றுநோய், ஆபரேஷன், ரேடியேஷன், அதுக்கப்புறம் குரல் கரகரன்னு கீழ இறங்கிடுச்சு. இருபது சொச்சம் வயசுல எழுதின கிழவங்க பாட்ட அந்த குரல்ல பாடினப்பதான் அது அந்த பாட்டுக்குன்னே வந்த குரல் மாதிரி இருந்துச்சு. 2020 ஏப்ரல்ல கோவிட்ல போற வரைக்கும் ஹால் நிறைஞ்சுதான் இருந்தது. எல்லாருக்கும் இப்படி அமையும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு குரல் போனா பாட்டும் கூடவே போயிடும், அந்த கஷ்டத்தயும் சவுண்டு போர்டுல இருந்து பாத்திருக்கேன்.

அதனால உங்க சந்தேகத்த முழுசா தள்ள மாட்டேன், ஒப்பேத்துறவங்களும் இருக்காங்க. எனக்கு தெரிஞ்ச அடையாளம், கதை முடிஞ்சு பாட்டு வரும்போது அந்த பாட்டு முன்ன விட வேற மாதிரி கேக்குதா. கதைல வந்த ஒரு தெரு, ஒரு பேரு, ஒரு சாமான் பாட்டுல திரும்ப வந்து நம்மள தொடுதுன்னா அந்த கதை பாட்டோட முதல் சரணம். கதைக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாம, கம்பி டியூன் பண்ணிட்டே ஊர் டிராஃபிக்க பத்தியும் ஹோட்டல் ரூம பத்தியும் போகுதுன்னா அது நேரம் ஓட்டுறது. ஒரு நியாயமும் சொல்லணும், ஒவ்வொரு பாட்டுக்கும் டியூனிங் மாத்துறவங்களுக்கு நேரம் வேணும், கேப்போ நகத்தினாலும் கம்பி சுருதி ஏறிடும், அத சரி பண்ண நேரம் வேணும், அந்த இடைவெளில வெறுமனே நிக்க முடியாது. 11 பாட்டுங்கற எண்ணிக்கை மட்டும் வெச்சு குறைன்னு சொல்ல முடியாது, ஒன்றரை மணி நேரத்துக்கு எங்க ஹால்ல அது சகஜம்.

அடுத்த மாசம் அவர் திரும்ப வர்றார், நண்பர் கூப்பிடுறார், போகலாமான்னு கடைசில கேட்டிருக்கீங்க. போங்க, முன் வரிசைல உக்காருங்க, போறதுக்கு முன்னாடி அவர் வீடியோ எதையும் பாக்காதீங்க, அவர் பாட்டு வரிய மட்டும் ரெண்டு மூணு படிச்சுட்டு போங்க. அப்பவும் அலுப்பா இருந்தா இந்த வகை உங்களுக்கு ஒத்து வரலன்னு விட்டுடலாம், அதுல தப்பே இல்ல. முடிஞ்சதும் பெரும்பாலும் அவங்க வெளிய சிடி மேசைல உக்காருவாங்க. அங்க போய், அந்த கதைய முதல் முதல்ல எந்த ஊர்ல சொன்னீங்க, அப்ப எப்படி இருந்துச்சு, எத வெட்டினீங்கன்னு கேளுங்க. நான் கேட்ட வரைக்கும் இந்த கேள்விக்கு யாரும் கோச்சுக்கிட்டதில்ல, பின்னாடி வரிசை நிக்குதுன்னு நாமதான் நகரணும்.